தண்ணிக் கதவில் ஒரு சிவப்புத் துணி

எங்கள் தாமான் குடியிருப்புக்குக் காலையில் மீன் லோரி வரும். மீன்காரரைப் பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கொஞ்ச நாளைக்கு முன்னால் அந்த லோரியைச் சுற்றி நின்ற பெண்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஜப்பானில் அணு உலைத் தண்ணீரைக் கடலில் திறந்து விடுகிறார்களாம். டிவியில் காட்டினார்களாம்.

"இனிமே மீனே வேணாம்லா. கோழி போதும்" என்றாள் ஒருத்தி.

"சுத்தம் பண்ணி, கடல் தண்ணியோட கலந்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடறாங்களாம். ஒண்ணும் ஆகாதுன்னு படிச்சவங்க சொல்றாங்க" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்குக் கடல்ல விடணும்? அவங்க வீட்டுப் பூச்செடிக்கு ஊத்தட்டுமே."

பாய் ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார். "அக்கா, இது சுங்கை பெசார் கடல்ல புடிச்ச கெம்போங் மீனு. இதுக்குப் பாஸ்போர்ட்டே கெடையாது. ஜப்பான் பக்கம் தலை வச்சும் படுத்திருக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கோழி வாங்கப் போவதாகச் சொன்னவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க அந்தக் காலத்துல தோட்டத்துத் தண்ணிக் கதவுல வேலை பார்த்தவங்கதானே, பெரியம்மா. நீங்களே சொல்லுங்க. கடல் பெரிசுன்னா, கொஞ்சம் விட்டா ஒண்ணுமே ஆகாதா?"

"பாய், கெம்போங் ரெண்டு போடு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டது என் கூடவே வந்து அடுப்படியில் நின்றது.

எனக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது; எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எதிர்வீட்டில் பள்ளிக்கூடத்து வேலையை விட்டு ஓய்வாக இருக்கும் டீச்சர் எழுத, நான் சொல்கிறேன். அவர் அழகுக்காகச் சேர்த்ததையெல்லாம் படித்துக் காட்டச் சொல்லி எடுக்க வைத்துவிட்டேன். இது என் வேலையைப் பற்றியது. அதில் மினுக்கு வேண்டாம்.

குவாலா சிலாங்கூரிலிருந்து வடக்கே போனால், தஞ்சோங் காராங் வருவதற்கு முன்னாலேயே கடலோரமாக எங்கள் தோட்டம். உள்ளே ரப்பர், கடல் பக்கம் தென்னை. நிலம் கடலைவிடத் தாழ்வு. மண்கரை போட்டுத்தான் கடலை வெளியே நிறுத்தியிருந்தார்கள். தோட்டத்து வாய்க்கால்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அந்தக் கரைக்கு வரும். அங்கே கனத்த மரத்தில் ஒரு கதவு. கடல் வற்றும்போது கதவைத் தூக்கித் தோட்டத்துத் தண்ணீரை வெளியே விட வேண்டும். கடல் ஏறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். மறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து மரம் எல்லாம் போச்சு.

அந்தக் கதவு என் வீட்டுக்காரர் கையில் இருந்தது; அந்த வேலைக்காகத்தான் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எங்களுக்கு ஒரு வீடு. அவர் காய்ச்சலில் போனபோது எனக்குப் பிள்ளையும் இல்லை, ஊரில் அண்ணன் தம்பியும் இல்லை. கருமாதி முடிந்த கையோடு வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் வந்து, "அஞ்சலை, கதவுக்கு வேற ஆளு வந்தா லயத்துல இந்த வீடு அவனுக்குப் போயிடும். நீ பார்த்துக்கிறியா?" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேலை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த காலத்தில் பார்த்ததுதான். அந்த வட்டாரத்தில் தண்ணிக் கதவு பிடித்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். இதை நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எப்படித் திறப்பது என்று சொல்லிவிடுகிறேன். முதலில் கரைமேல் ஏறி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். வெளியே தண்ணீர் உள்ளே இருப்பதைவிட ஒரு சாண் இறங்கியிருக்க வேண்டும். கண்ணை நம்பக்கூடாது, காற்று இருந்தால் அலை ஏமாற்றும். ஒரு காய்ந்த தென்னை ஓலைத் துணுக்கைப் போட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். கடலுக்குப் போனால் சரி. நின்ற இடத்தில் சுற்றினால் இன்னும் பொறுக்க வேண்டும். பிறகு சக்கரத்தைத் திருப்புவேன். சங்கிலி மேலே ஏறும். ஒரேயடியாகத் தூக்கினால் தண்ணீர் பாய்ந்து கரையை அரித்துவிடும். ஒரு பிடி தூக்கி, நிறுத்தி, வேகம் அடங்கிய பிறகு மறுபடி தூக்க வேண்டும். கதவு திறந்திருக்கும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. பேச ஆளில்லை. கடல் வற்றும், சேறு வெளியே தெரியும், நண்டு ஓடும். அதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அது கம்யூனிஸ்ட் காலம்; வெள்ளைக்காரர் ஆட்சியை எதிர்த்து அவர்கள் காட்டில் ஒளிந்து சண்டை போட்டார்கள். அவசரகாலம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்கள் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். பொழுது சாய்ந்தால் யாரும் வெளியே போகக்கூடாது. பகலில் வேலைக்குப் போகும்போது சோறு கொண்டுபோகக்கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று பயம். வாசலில் எஸ்.சி. என்கிற ஊர்க்காவல் போலீஸ்காரர்கள் நிற்பார்கள். தண்ணீர்ப் போத்தலைக்கூட மோந்து பார்த்துத்தான் விடுவார்கள். ரப்பர் வெட்டுகிறவர்கள் உச்சிப் பொழுதுக்குத் திரும்பிவிடுவார்கள். எனக்குக் கடல் சொல்கிற நேரம்தான் நேரம். பசியோடு நின்ற நாள்கள் நிறைய.

அப்படி நின்ற ஒரு நாளில்தான் காக் ரொகாயா எனக்குப் பழக்கமானாள். காக் என்றால் அக்கா. கரைக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க் கம்பத்துக்காரி; கிராமத்தை இங்கே கம்பம் என்போம். தண்ணீர் வற்றியதும் ஒரு பலகையைச் சேற்றில் போட்டு, ஒரு முழங்காலை அதன்மேல் ஊன்றி, மற்ற காலால் தள்ளிக்கொண்டு வழுக்கியபடியே வருவாள். சேற்றைத் துழாவி கெராங் பொறுக்குவாள். கெராங் என்றால் சின்னச் சிப்பி. அவளுடைய புருஷன் இரவில் வலைக்குப் போகிறவன். ஊரடங்கு வந்த பிறகு போக முடியவில்லை. அவள் பொறுக்குவதுதான் அந்த வீட்டுக்குச் சாப்பாடு.

ஒரு நாள் கரைமேல் ஏறி வந்து, வாழை இலையில் அவித்த மரவள்ளியும் கெராங்கும் வைத்துவிட்டு, "சாப்பிடு. உன் வயிறு இரையறது அங்க சேறு வரைக்கும் கேக்குது" என்றாள். நாங்கள் பேசியதெல்லாம் பாசார் மலாய், கடைத்தெரு மலாய். தமிழில் சொல்கிறேன்.

"வெளியே சாப்பிட்டா எஸ்.சி. பார்த்துடுவான், காக்."

"வாயை மூடிக்கிட்டு மெல்லு."

அன்றிலிருந்து நான் கதவு திறக்கும் நாளெல்லாம் அவள் வருவாள். இந்த உலகத்தில் எனக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை முள்கம்பிக்கு வெளியே இருந்தது.

இனி அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரப்பர் மரத்துக்கு அடியில் லாலான் புல் மண்டும். அதைக் கொல்ல ஒரு மருந்து அடிப்பார்கள். பாஷாணம் கலந்தது என்று தோட்டத்து டிரெசர், ஆஸ்பத்திரி பார்க்கிறவர், ஒரு தடவை சொன்னார். அந்தத் தகரங்களையும் பீப்பாய்களையும் கழுவுகிற தண்ணீர் ஒரு தனிக் குழியில் சேரும். குழி நிறைந்ததும் மண்டோர் வந்து, "இன்னிக்குக் கழுவுத் தண்ணி" என்பார். நான் கதவைத் தூக்கிய பிறகு குழியின் அடைப்புப் பலகையை எடுப்பேன். வற்றுகிற தண்ணீரோடு அது கடலுக்குப் போய்விடும். வற்றும்போதுதான் விட வேண்டும் என்பது துரையின் கண்டிப்பான உத்தரவு. ஏறும்போது விட்டால் திரும்பித் தோட்டத்துக்கே வந்துவிடுமாம்.

துரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தை நடத்துகிறவர், நெட்டையான வெள்ளைக்காரர். தமிழ் பேசுவார். எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை கேட்பார். "அஞ்சலை, தண்ணி எப்படி? தண்ணி எப்படி?" முதல் தடவை நம் வாயைப் பார்ப்பார், இரண்டாம் தடவை கண்ணைப் பார்ப்பார். ஒரே தடவை கேட்டு நிறுத்திவிட்டால், பதில் அவருக்கு முன்னாலேயே தெரியும் என்று அர்த்தம். லயத்தில் எல்லாருக்கும் இது தெரியும். ஒரே தடவை கேட்டாரென்றால் பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை.

ஒரு நாள் மலாய்க் கம்பத்தில் வாத்துகள் செத்துப் போயின. ஊர்த்தலைவரான பெங்ஹுலு நாலைந்து பேரோடு ஆபிசுக்கு வந்துவிட்டார். எந்த நேரத்தில் கதவு திறந்தது என்று கேட்க என்னையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

துரை சொன்னார்: "அது கொஞ்சம்தான். வாய்க்கால் தண்ணீரோடு கலக்கிறது. பிறகு கடல். கடல் எவ்வளவு பெரியது? வாத்து வேறு எதையாவது தின்றிருக்கும். வயதாகியும் இருக்கலாம்."

"எல்லா வாத்துக்கும் ஒரே நாளிலா வயதாகும், துவான்?" என்றார் பெங்ஹுலு.

டிரெசர் நடுவில் புகுந்து, கிணற்றில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் கரிக்குமா என்று கேட்டார். பெங்ஹுலு அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, "நீதானே திறக்கிறவள். அந்தத் தண்ணீரை நீ குடிப்பாயா?" என்றார்.

"நான் குடிக்கிறது லயத்துக் குழாய்த் தண்ணி, ஐயா. குழாயோ கதவோ, துரை சொல்லாம எனக்கு எந்தத் தண்ணியும் தொறக்காது" என்றேன். துரைகூடச் சிரித்துவிட்டார். பெங்ஹுலு சிரிக்கவில்லை.

பிறகு டவுனிலிருந்து ஒருவர் கண்ணாடிப் போத்தல்களோடு வந்து தண்ணீர் எடுத்துப் போனார். கெடுதல் இல்லை என்று சொல்லி அனுப்பினார்களாம். கம்பத்துக்காரர்கள் நம்பவில்லை. யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேச மாட்டேன்.

காக் ரொகாயா அடுத்த முறை வந்தபோது மரவள்ளியை என் பக்கம் தள்ளிவிட்டு, "உன் துவான் பொய் சொல்றாரா?" என்றாள்.

"இல்ல காக். அவர் நம்பித்தான் சொல்றாரு. கடல் பெரிசுங்கிறாரு."

"கடல் பெரிசுதான். நான் இல்லேன்னேனா? ஆனா தண்ணி வத்தும்போதுதானே நீ தொறக்கிற? தண்ணி வத்தும்போதுதானே நான் சேத்துல நிக்கிறேன்? அது பெரிய கடலுக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி என் முழங்காலைத் தாண்டித்தானே போகுது?"

என் கையில் இருந்த கெராங்கைப் பார்த்தேன். அதுவும் அந்தச் சேற்றில் விளைந்ததுதான்.

"அன்னிக்கு மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும்" என்றாள். "நான் வேற பக்கம் போயிடுவேன். மத்தவங்களுக்கும் சொல்லிடுவேன். ஒரு துணி கட்டேன், அந்தக் கதவுக் கம்பத்துல. தூரத்துல தெரியற மாதிரி."

எங்கள் பக்கத்தில் சதுப்பு மரங்கள் எல்லாம் பச்சை. வெள்ளைத் துணி கட்டினால் கொக்கு என்று நினைப்பார்கள். என் பெட்டியில் கூறைச்சேலை கிடந்தது, நல்ல சிவப்பு. வீட்டுக்காரர் போன பிறகு அதை நான் கட்ட முடியாது. கொடுக்கவும் எனக்குப் பெண் இல்லை. முந்தானையில் ஒரு முழம் கிழித்தேன். கிழிக்கும்போது மனசு எப்படி இருந்தது என்று டீச்சர் கேட்கிறார். துணி கிழிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

மண்டோர் கழுவுத் தண்ணீர் என்று சொல்லும் நாளில் கதவுக்கம்பத்தின் உச்சியில் அதைக் கட்டுவேன். கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுப்பேன். சேற்றில் பலகைகள் திரும்பும். எல்லாரும் தூரப் போன பிறகு அடைப்பை எடுப்பேன். மற்ற நாளில் துணி கிடையாது. வெகு காலம் இப்படி நடந்தது. துரைக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். மண்டோர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

காட்டுக்குள் ஆள் ஒளிந்திருக்கிற காலத்தில், கடலோரத்தில், ஆளில்லாத இடத்தில், சிவப்புத் துணியை ஏற்றுவது எப்படித் தெரியும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்கு அது கூறைச்சேலை.

ஒரு நாள் காலையில் கதவருகே ஜீப் வந்து நின்றது. துணியை அவிழ்த்தார்கள். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

டவுன் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்கார ஆபிசர். பக்கத்தில் மொழி சொல்ல ஒரு தமிழர். மேசைமேல் என் துணி.

"சிவப்பு எதுக்கு அடையாளம்னு தெரியுமாம்மா உனக்கு?" என்றார் அந்தத் தமிழர்.

"தெரியும். கல்யாணத்துக்கு."

அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். ஆங்கிலத்தில் என்ன சொன்னாரோ தெரியாது, ஆபிசருக்கு முகம் சிவந்தது.

"யாருக்குக் கட்டினே? பேரைச் சொல்லு. சொல்லிட்டா வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா எங்க அனுப்புவாங்கன்னு எனக்கே தெரியாது."

எனக்கு அன்றைக்கு இருந்த நிலை இதுதான். ரொகாயா பேரைச் சொன்னால் அவள் வீட்டுக்கு ஜீப் போகும். அவள் புருஷன் படகுக்காரன். காட்டுக்காரர்களுக்கு அரிசி கடத்துகிறார்கள் என்று படகுக்காரர்களைச் சந்தேகப்படுகிற காலம். அவனைக் கொண்டுபோனால் திரும்ப விடுவார்களா? பேரை விட்டுவிட்டு, விஷத் தண்ணீருக்காகக் கட்டினேன் என்று மட்டும் சொன்னால், கெடுதல் இல்லை என்று ஊருக்கே சொன்ன துரையைப் பொய்யராக்குகிறேன். வேலை போகும், லயத்து வீடு போகும். ஒன்றும் சொல்லாவிட்டால் நான் காட்டுக்காரர்களின் ஆள். சொந்தம் என்று வந்து கேட்க ஒரு நாதி கிடையாது.

"கதவு துரையோடது, கம்பம் துரையோடது. துணி மட்டும்தான் என்னோடது" என்றேன். "துரை வரட்டும். அவர் கேட்டா, ஏன் கட்டினேன்னு அவர் முன்னாடி சொல்றேன். வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து இருந்தேன். அந்த நேரம் கடல் வற்றியிருக்கும், கதவை யார் பார்க்கிறார்கள் என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

பொழுது சாய்வதற்கு முன்னால் துரை வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. மேசைமேல் கிடந்த துணியை இரண்டு விரலால் தூக்கி, அதன் ஜரிகைக் கரையைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அஞ்சலை, ஏன் கட்டினாய்?"

நான் இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். ஆபிசர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொன்னார். ஆபிசர் என்னை நோட்டம் விட்டார், தோளைக் குலுக்கினார், துணியைத் தள்ளிவிட்டார்.

வெளியே வந்தபோது அந்தத் தமிழர் என் காதருகே, "தப்பிச்சேம்மா. துணி கட்டச் சொன்னதே அவர்தானாம். கதவு திறந்திருக்கு, படகு கிட்ட வரக்கூடாதுன்னு அடையாளமாம்" என்றார்.

துரை தன் வண்டியிலேயே என்னைக் கூட்டி வந்தார். தோட்டத்து வாசலில் இறங்கும்போதுதான் பேசினார். "இனிமேல் கதவு திறக்கும் எல்லா நாளும் துணி கட்ட வேண்டும். மழைத் தண்ணீர் என்றாலும் கட்ட வேண்டும். எல்லா நாளும். விளங்குதா? விளங்குதா?"

"விளங்குது துரை" என்றேன். எனக்கு நன்றாகவே விளங்கியது. என்னைக் காப்பாற்றிய அதே வார்த்தை அந்தத் துணியின் வாயை அடைத்துவிட்டது. எல்லா நாளும் கட்டினால் எந்த நாள் விஷம், எந்த நாள் மழைத் தண்ணீர் என்று சேற்றில் நிற்பவளுக்கு எப்படித் தெரியும்?

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வராமல் இருந்திருக்கலாம். வந்தார்.

மறுநாளிலிருந்து கதவு திறக்கும்போது ஒரு எஸ்.சி. கரைமேல் துப்பாக்கியோடு நின்றான். கம்பத்து ஆள் யாரும் கரைக்கு வரக்கூடாது, நான் யாரோடும் பேசக்கூடாது. மரவள்ளி நின்றது. துணி தினமும் பறந்தது. முதலில் கொஞ்ச நாள் சேற்றுக்கு ஒருவரும் வரவில்லை. பிறகு பசி வென்றது. துணி பறக்கும்போதே ரொகாயா பலகையோடு இறங்கினாள். கழுவுத் தண்ணீர் நாள் வந்தது. அவள் அங்கேதான் நின்றாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். எஸ்.சி. என் முதுகுக்குப் பின்னால். அடைப்புப் பலகையில் கை வைத்துக்கொண்டு, அவள் தூரம் போகும்வரை சங்கிலிக்கு எண்ணெய் போடுகிற மாதிரி நேரத்தைக் கடத்தினேன். மண்டோர் சத்தம் போட்டார்.

அடுத்த கழுவுத் தண்ணீர் நாளில் துணியைக் கம்பத்தின் உச்சியில் கட்டாமல், என் இடுப்பு உயரத்தில் கட்டினேன்.

"ஏன் கீழே கட்டுறே?" என்றான் எஸ்.சி.

"கை வலி, தம்பி. மேல தூக்க முடியல. நீ வேணா ஏறிக் கட்டு."

அவன் ஏறவில்லை. ரொகாயா அன்றைக்கும் வழக்கம்போலப் பொறுக்கினாள். மறுநாள் உச்சியில் கட்டினேன். பிறகு ஒரு கழுவுத் தண்ணீர் நாள்; மறுபடி கீழே. அவளுக்கு விளங்கவில்லை. இப்படியே போயிற்று. நான் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. சங்கிலிக்கு எண்ணெய் போடும் சாக்கில், முடிந்தவரை அடைப்பை எடுப்பதைத் தள்ளிப்போட்டேன்.

ஒரு நாள் துணியைக் கீழே கட்டிவிட்டு நிமிர்ந்தேன். ரொகாயா பலகையை நிறுத்திவிட்டுக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்தாள். நான் அசையவில்லை. பிறகு அவள் பலகையைத் திருப்பினாள். மற்றப் பெண்களை நோக்கி ஏதோ கத்தினாள். ஒவ்வொரு பலகையாகத் திரும்பியது. எல்லாரும் வடக்கே சின்னப் புள்ளிகளாகப் போகும்வரை பார்த்துவிட்டு அடைப்பை எடுத்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. துணி மேலே இருந்தால் வருவாள். கீழே இருந்தால் போவாள். வருஷக்கணக்கில் எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் துணி உச்சியில் பறந்தது, சேறு வெறுமையாக இருந்தது. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். மறுநாளும் உச்சியில் கட்டினேன். யாரும் வரவில்லை. மலாய்க் கம்பத்தில் பாதிப் பேர் நெல் வயலுக்கு, தஞ்சோங் காராங் பக்கம் குடிபோய்விட்டார்கள் என்று மண்டோர் பேச்சுவாக்கில் சொன்னார். முள்கம்பியை எடுத்த பிறகு நான் ஒரு தடவை பஸ் ஏறிப் போய் விசாரித்தேன். அங்கே ரொகாயா என்று பத்துப் பேர் இருந்தார்கள். என் ரொகாயா இல்லை.

மீன் லோரியில் என்னைக் கேட்டவளுக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாது. திறக்கிற அன்றைக்கு, சேற்றில் நிற்கிறவர்களுக்குத் தெரியும்படி அங்கே யாராவது ஒரு துணி கட்டுகிறார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்.

அவசரகாலம் முடிந்து, துரை ஊருக்குப் போய், வேறு துரை வந்து, வேறு மண்டோரும் வந்தார். நான் கதவை விடவில்லை. கூறைச்சேலையில் பாதி தீர்ந்துபோயிருந்தது. வெயிலில் வெளுத்தால் புதிதாக ஒரு முழம் கிழிப்பேன். கழுவுத் தண்ணீர் நாளில் கீழேயும் மற்ற நாளில் உச்சியிலும் கட்டினேன். புது மண்டோர் ஒரு நாள் சேற்றைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார்.

"ஒரு ஈ காக்காய் இல்ல. யாருக்குப் பெரியம்மா இந்தத் துணி?"

"பார்க்கிறவங்களுக்கு" என்றேன்.

அன்றைக்குச் சேற்றில் ஒரு கொக்குதான் நின்றது. அது தானாக எழுந்து பறக்கும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் அடைப்பை எடுத்தேன்.